வேப்ப ஈர்க்கிலிருந்து தொடங்கியிருக்கலாம்: கட்டிடப் படத்துக்கு ஒரு மரம் செய்த பதிவு

நேற்று இரவு பதினொன்றே முக்காலுக்குக் கடைசி ரெண்டர் (கணினி காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் வேலை) முடிந்தது. மாடி வீட்டின் வெள்ளை முகப்பு, காலை ஏழரை மணி வெயில், சுவர் மேல் வேப்பமர நிழல். பதினைந்து நாளாக எனக்கு வேண்டியிருந்தது அந்த நிழல்தான். வீட்டை மாடல் செய்ய எனக்கு நான்கு நாள் ஆனது. முன்னால் நிற்கிற ஒரே ஒரு மரத்துக்குப் பதினோரு மாலைகள், மொத்தம் 46 மணி நேரம். அதில் 19 மணி நேரம் எந்த மென்பொருள் என்று தேடியதிலேயே போயிற்று. அதைக் குறைத்திருக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கட்டிடப் படம் போடுகிறவர்களுக்கு, அதாவது கட்டிடம் எப்படி இருக்கும் என்று கணினியில் செய்து காட்டுகிறவர்களுக்கு, இந்த மரப் பிரச்சினை கட்டாயம் வரும்.

என் கணினியில் இருப்பது 8 ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம். வேலை முழுவதும் ப்ளெண்டர் என்கிற இலவச முப்பரிமாண மென்பொருளில், ரெண்டர் அதற்குள்ளேயே வரும் சைக்கிள்ஸில். கீழே வரும் நேரக் கணக்கு எல்லாம் இந்தக் கணினியில் நான் குறித்துக்கொண்டவை.

முதல் படத்தில் மரத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கையில் இருந்த தயார் மரத் தொகுப்பில் அகன்ற தலையுள்ள ஒரு மரத்தை எடுத்து நட்டு வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கார அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "வீடு நல்லா இருக்கு தம்பி. ஆனா இது எங்க மரம் இல்லையே" என்றார். நான் வைத்தது ஓக். அவர்கள் மனையில் நிற்பது வேம்பு. அந்த மரத்தை வெட்டக் கூடாது என்பதற்காகவே கட்டிட வடிவமைப்பாளர் முகப்பை இரண்டு மீட்டர் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார். திட்டமே அந்த மரத்தைச் சுற்றித்தான் நிற்கிறது, நான் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் அளவு நாடாவோடு போனேன். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 142 செ.மீ., அதாவது விட்டம் சுமார் 45 செ.மீ. உயரத்துக்கு ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு நிழலை அளந்தேன்: 80 செ.மீ. அதே நேரத்தில் மர நிழல் 7.3 மீட்டர். வகுத்தால் மரம் 9.1 மீட்டர். தரையிலிருந்து 1.9 மீட்டரில் மரம் இரண்டாகக் கவைபிரிகிறது. நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். இந்த அரை மணி நேர வேலைதான் பின்னால் ஒவ்வொரு முடிவுக்கும் கை கொடுத்தது.

மென்பொருள் தேடிய நாட்கள்

கட்டிடப் படக்காரர்கள் மரத்துக்குப் போகிற வழிகள் சில உண்டு. லூமியன், ட்வின்மோஷன், என்ஸ்கேப் மாதிரி உடனுக்குடன் படம் காட்டும் மென்பொருள்களில் மரங்கள் தயாராகவே வருகின்றன. இழுத்துப் போட்டால் முடிந்தது. 3டிஎஸ் மேக்ஸில் வேலை செய்பவர்கள் மரத்தை உருவாக்கக் குரோஎஃப்எக்ஸையும், நூற்றுக்கணக்கில் பரப்ப ஃபாரஸ்ட் பேக்கையும் வைத்திருக்கிறார்கள். இவை தவிர மரம் செய்வதற்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. ப்ளெண்டருக்குள்ளேயே இயங்கும் ஆட்-ஆன்களும், அதாவது துணை நிரல்களும், இருக்கின்றன.

தயார் மரம் எனக்கு உதவாது என்று அந்த ஓக் சொல்லிவிட்டது. பின்னணியில் தெருவோரம் நிற்கிற மரங்களுக்கு அது போதும். கடைசிப் படத்திலும் 40 மீட்டருக்கு அப்பால் நிற்பவை எல்லாம் தொகுப்பு மரங்கள்தான், யாரும் கேட்கவில்லை. முன்னால் நிற்கும் மரத்தை இலை இலையாகப் பார்ப்பார்கள்.

தனி மென்பொருள்களில் ஸ்பீட்ட்ரீ மிக வலுவானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்டு, கிளை, மிலாறு, இலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட், அதாவது அதன் அமைப்புகளுக்கான ஒரு பெட்டி. வேண்டிய கிளையைக் கையால் வரையவும் விடும். 2021இல் யூனிட்டி நிறுவனம் அதை வாங்கியது. மரமே தொழிலாக உள்ளவர்களுக்கு அதுதான் சரி என்பேன். நான் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ மரம் இப்படிக் கையால் செய்பவன், சந்தா எனக்குக் கட்டி வராது. இன்னொரு தனி மென்பொருளான ப்ளாண்ட்ஃபேக்டரியை உருவாக்கிய ஈ-ஆன் நிறுவனம் 2024இல் மேம்பாட்டை நிறுத்தி, அதை இலவசமாகவே விட்டுவிட்டது. ஒரு மரம் செய்து பார்க்க அருமையான வாய்ப்பு. ஆனால் இனி புதுப்பிப்பு வராத ஒன்றின் மேல் வேலை முறையைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

நடுவில் வேறொரு தனி மென்பொருளில் மூன்று மாலை செலவழித்தேன். மரம் அங்கே அழகாக வளர்ந்தது. எஃப்பிஎக்ஸ் கோப்பாக ஏற்றி ப்ளெண்டரில் திறந்தால் இரண்டு சிக்கல். மரம் 100 மடங்கு பெரிதாக வந்து நின்றது. அங்கே சென்டிமீட்டர், இங்கே மீட்டர். அது பரவாயில்லை, ஏற்றும்போது அளவை 0.01 ஆக்கினால் தீரும். இரண்டாவதுதான் வலித்தது. அங்கே ஒரே இலையின் பிரதிகளாக இருந்தவை எல்லாம் ஏற்றும்போது தனித்தனி நிஜ இலைகளாகிவிட்டன. கோப்பு 1.4 ஜிபி. திறக்க ஒன்பது நிமிடம். அதே மரத்தில் மூன்றை வைத்ததும் கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பி ரெண்டர் நின்றுவிட்டது. கிளையைக் கொஞ்சம் திருத்த வேண்டுமென்றால் அந்த மென்பொருளுக்குத் திரும்பிப் போய், மறுபடி ஏற்றி, மறுபடி ஷேடர் (பரப்பின் நிறத்தையும் ஒளியையும் தீர்மானிக்கும் அமைப்பு) மாட்ட வேண்டும். மூன்றாம் தடவை அப்படிச் செய்தபோதுதான் எனக்கு வேண்டியது என்ன என்று தெளிந்தது. மரம் என் காட்சிக்குள்ளேயே இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திருத்தும்படி இருக்க வேண்டும், இலைகள் பிரதிகளாகவே இருக்க வேண்டும். மென்பொருளின் பெயர் அதற்கு அப்புறம்தான்.

தி குரோவ் என்கிற ஆட்-ஆனைப் பற்றிப் படித்தது ஒரு திருப்பம். அது மரத்தை ஆண்டு ஆண்டாக வளர்க்கிறது. நிழலில் மாட்டிய கிளை நலிகிறது, வெளிச்சம் கிடைத்த கிளை நீள்கிறது, நடுவில் நாம் கிளை கழித்தும் விடலாம். ஆனால் கடைசி நுனியை, அதாவது இலையோடு கூடிய அந்தக் கொத்தை, அது தனி மாடலாகக் கேட்கிறது. மரத்தை இவ்வளவு நுணுக்கமாக வளர்க்கிற ஒன்றே நுனிக்கொத்தைத் தனியாகத்தான் வைத்துக்கொள்கிறது. அப்போதுதான் உறைத்தது: தூரத்திலிருந்து வேம்பை வேம்பு என்று அடையாளம் காட்டுவது அதன் நுனிக்கொத்து. தண்டையும் பெரிய கிளையையும் எந்தக் கருவியிலும் ஓரளவு கொண்டுவந்துவிடலாம். நான் 19 மணி நேரம் தண்டு செய்கிற கருவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அப்புறம் தேர்வு சுலபமாகிவிட்டது. தண்டுக்கும் கிளைக்கும் சாப்ளிங் என்கிற ஆட்-ஆன், இலவசம். நுனிக்கொத்து என் கைவேலை. இரண்டையும் ஒட்ட ப்ளெண்டரின் ஜியாமெட்ரி நோட்ஸ், அதாவது ஒரு வடிவத்தை விதிப்படி பல இடங்களில் வைக்கும் வசதி.

ஈர்க்கு

வேப்பிலை என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு ஈர்க்கும் அதன் இரு பக்கமும் வரிசையாக நிற்கிற சிற்றிலைகளும் சேர்ந்தது. முழு இலை 20 முதல் 40 செ.மீ. வரை நீளும், சிற்றிலைகள் இருபதிலிருந்து முப்பது வரை இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையும் அரிவாள் மாதிரி வளைந்தது, ஓரம் ரம்பப்பல், அடிப்பாகம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அந்தச் சமச்சீர் இல்லாத அடியை விட்டுவிட்டால் இலை ஏதோ ஒரு போலி நகலாகத் தெரியும். நுனியில் தனிச் சிற்றிலை பெரும்பாலும் இருக்காது. கொழுந்து செம்பழுப்பு நிறம்.

ஆறு ஈர்க்குகளைப் பறித்துவந்தேன். பறித்த இலை அரை மணியில் சுருள ஆரம்பித்துவிடும் என்பதால் கனமான புத்தகத்துக்குள் இருபது நிமிடம் வைத்து, பிறகு தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐயில் எடுத்தேன். 28 செ.மீ. ஈர்க்கு ஏறத்தாழ 6,600 பிக்சல் நீளத்துக்கு வந்தது. பின்னால் வெள்ளைத் தாள் வைத்ததுதான் தப்பு. இலையை வெட்டி எடுத்தபோது ஓரமெல்லாம் வெளுத்த கோடு. இரண்டாம் தடவை கரும்பச்சை அட்டை வைத்தேன், அந்தக் கோடு போய்விட்டது. மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் எடுக்க வேண்டும். அடிப்பக்கம் நன்றாகவே வெளிறியது. பிறகு அதே இலையை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்படி ஒரு படம். இந்த மூன்றும் இருந்தால் ஷேடர் வேலை பாதி முடிந்த மாதிரி.

முதலில் சோம்பேறித்தனமாக ஈர்க்கு முழுவதையும் ஒரே செவ்வகத் தகட்டில் ஒட்டினேன். இலை இல்லாத இடத்தை ஆல்ஃபா படத்தால், அதாவது எங்கே ஒளி ஊடுருவும் என்று குறிக்கும் படத்தால், மறைத்தேன். கணினி வடிவங்கள் முக்கோணங்களால் ஆனவை; இதில் இரண்டே முக்கோணம், வெகு லேசு. ஒற்றைக் கொத்தைப் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. மரம் முழுக்க வைத்ததும் தலைப்பகுதியின் உள்ளே கன்னங்கரேல் என்று திட்டுகள். நிழல் என்று நினைத்து ஒரு மாலை முழுவதும் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன், திட்டு போகவில்லை. கடைசியில் காரணம் பிடிபட்டது. ஒளிக்கதிர் ஊடுருவும் பரப்பை எத்தனை முறை தாண்டலாம் என்று சைக்கிள்ஸில் ஒரு வரம்பு உண்டு. இயல்பாக அது 8. அடர்ந்த மரத்தில் ஒரு கதிர் எட்டுத் தகடுகளின் வெற்றிடத்தைத் தாண்டுவது ஒன்றுமே இல்லை. அதற்கு மேல் போக வழியில்லாத கதிர் கறுப்பாகத் திரும்புகிறது. வரம்பை 32 ஆக்கினேன், திட்டுகள் மறைந்தன. ரெண்டர் நேரம் 41 நிமிடத்திலிருந்து 1 மணி 50 நிமிடமானது.

எனவே ஆல்ஃபாவை விட்டுவிட்டுச் சிற்றிலையின் வடிவத்தையே வெட்டினேன். ஒரு சிற்றிலைக்கு 10 முக்கோணம். ரம்பப்பல்லை வெட்டவில்லை, ஆறு மீட்டர் தொலைவில் அது தெரியாது. ஆனால் நடு நரம்பில் ஒரு மடிப்பு கொடுத்தேன், V மாதிரி, லேசாக. அந்த மடிப்புக்குச் செலவே கிடையாது. அது இல்லாவிட்டால் இலைகள் காகிதம் வெட்டி ஒட்டியது போல ஒரே மாதிரி மின்னும். ஒரு ஈர்க்குக்கு 24 சிற்றிலை, தண்டோடு சேர்த்து 252 முக்கோணம். ஒரு கொத்துக்கு 9 ஈர்க்கு, அதாவது சுமார் 2,270 முக்கோணம். மரத்தில் இப்படி 2,600 கொத்துகள். நிஜமாக வைத்தால் 59 லட்சம் முக்கோணம். பிரதிகளாக வைத்தால் நினைவகத்தில் கொத்து மாடல் மட்டும்தான் இருக்கும். முழுக் காட்சியும் 3.1 ஜிபியில் அடங்கியது. முக்கோணம் இத்தனை கூடியும் ரெண்டர் 34 நிமிடமாக இறங்கியது. எனக்கே வியப்பாக இருந்தது. கதிர் ஒவ்வொரு தகட்டிலும் நின்று "இங்கே இலை இருக்கிறதா" என்று படத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

சாப்ளிங்

இது ப்ளெண்டரின் பழைய ஆட்-ஆன். 1995இல் வெபர், பென் இருவரும் வெளியிட்ட முறையில் இயங்குகிறது. ப்ளெண்டர் 4.2இலிருந்து கூடவே வருவதில்லை, எக்ஸ்டென்ஷன் பட்டியலிலிருந்து தனியாக நிறுவ வேண்டும். மரத்தைக் கம்பிக்கோடுகளாக, அதாவது கர்வ்களாகக் கொடுக்கிறது. இது எனக்குப் பெரிய அனுகூலம், ஏன் என்று கடைசியில் வரும்.

இதில் புதிதாக இறங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மரத்தை உருவாக்கியதும் திரையின் இடது கீழ் மூலையில் ஒரு பலகம் திறக்கும், எல்லா எண்களும் அதில்தான். வேறு எதையாவது செய்துவிட்டால் பலகம் மறைந்துவிடும். மரம் இருக்கும், ஆனால் எண்களை இனி மாற்ற முடியாது. நான் இரண்டு மணி நேரம் எண்களைச் சரிசெய்துவிட்டு, மரத்தை ஓரமாக நகர்த்திப் பார்க்கலாம் என்று நகர்த்தினேன். பலகம் போனது போனதுதான். அதிலேயே இருக்கிற, எண்களைச் சேமித்து வைக்கும் ப்ரீசெட் ஏற்றுமதிப் பொத்தானைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தி, பெயரோடு ஒரு எண்ணையும் சேர்த்து வையுங்கள். என்னிடம் வேம்பு 01 முதல் வேம்பு 17 வரை இருக்கிறது.

எனக்குக் கைகொடுத்த எண்கள்: தலை வடிவம் உருண்டை, கிளை இல்லாத அடிப்பகுதி மொத்த உயரத்தில் 0.2, அடிப் பிளவு 2, கிளை அடுக்கு 4. ஐந்தாம் அடுக்கைத் தொட்டால் ஒவ்வொரு எண் மாற்றத்துக்கும் கணினி அரை நிமிடம் யோசித்தது. தேவையும் இல்லை, ஐந்தாம் அடுக்கின் வேலையைக் கொத்து செய்கிறது. இலைகளை முழுவதும் அணைத்துவிட்டேன்.

கொத்தை ஒட்டுவது இப்படி. கம்பிக்கோடுகளை 12 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளாக்கினேன். கிளையின் ஆரம் 8 மி.மீ.க்குக் குறைவான புள்ளிகளில் மட்டும் கொத்து. கூடவே ஒவ்வொரு கிளையின் கடைசி நுனியிலும் ஒன்று. கொத்தின் நீளவாக்கைக் கிளை போகும் திசைக்குத் திருப்பி, அளவை 0.8க்கும் 1.15க்கும் நடுவில் ஏதோ ஒன்றாக விட்டேன்.

வந்தது வேம்பில்லை, கிளைதோறும் கட்டித் தொங்கவிட்ட துடைப்பம். வேப்ப ஈர்க்கு கீழ்நோக்கி வளைந்து தொங்குவது, கொத்து மாடலிலும் அப்படித்தான் செய்திருந்தேன். ஆனால் ஒரே மாதிரி தெரியக் கூடாது என்று கொத்தைத் தன் அச்சில் 360 பாகையும் சுழல விட்டிருந்தேன். பாதிக் கொத்துகள் தலைகீழாகி, ஈர்க்குகள் வானத்தைப் பார்த்து நின்றன. திருத்தம் சின்னதுதான். திசை திருப்பும் நோட்டை இரண்டாகப் போட வேண்டும்: முதலாவது கொத்தின் நீளத்தைக் கிளைத் திசைக்குத் திருப்பும், இரண்டாவது அந்த அச்சை அசைக்காமல் கொத்தின் மேல்பக்கத்தை வானத்துக்குத் திருப்பும். அதன் மேல் 25 பாகை வரை மட்டும் தாறுமாறான சுழற்சி. மறு நிமிடமே தலை முழுவதும் இலை படிந்து தொங்கியது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பட்டை, நிறம், வெயில்

பட்டையை மேகமூட்டமான நாளில் எடுத்தேன். வெயிலில் எடுத்தால் விரிசலின் நிழலும் படத்துக்குள் வந்துவிடும், பிறகு ரெண்டரில் இரண்டு சூரியன் இருப்பது போலத் தெரியும். மூன்று படங்களை நீளவாக்கில் இணைத்து, மேலும் கீழும் ஒட்டும்படி செய்தேன். முதல் ரெண்டரில் மரம் என்னவோ பொம்மை போல, மேசை மேல் வைக்கிற சிறு மரம் போல இருந்தது. உயரம் சரி, தடிமன் சரி. பட்டையின் விரிசல்கள்தான் நிஜத்தைவிட நான்கு மடங்கு அகலம். கண் அந்த விரிசலை வைத்துத்தான் மரத்தின் அளவைத் தீர்மானிக்கிறது போலும். படம் எடுக்கும்போதே பட்டை மேல் நாடாவையும் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலையின் நிறத்தில் எல்லோரும் செய்கிற தவறை நானும் செய்தேன். ஸ்கேனர் இலையை ரொம்பப் பளிச்சென்று காட்டும். அப்படியே போட்டால் மரம் பிளாஸ்டிக். செறிவை 0.8க்கும் வெளிச்சத்தை 0.7க்கும் இறக்கினேன். ப்ளெண்டர் 4.0இலிருந்து இயல்பாக வருகிற ஏஜிஎக்ஸ் நிறமாற்றம் பச்சையை அடக்கிக் காட்டுவதும் உதவியது. அப்புறம் ஊடுருவும் ஒளி. வெறும் பரவல் ஷேடர் மட்டும் போட்டால் வெயில் பின்னாலிருந்து வரும்போது இலைகள் கருத்துவிடும். ஒளி ஊடுருவும் ஷேடரை 0.35 பங்கு கலந்து, அதன் நிறத்துக்கு ஜன்னலில் எடுத்த படத்தைக் கொடுத்தேன். அந்தப் படத்தில் பச்சையைவிட மஞ்சள்தான் தூக்கல். தலையின் கிழக்கோரம் உடனே உயிர் பெற்றது.

நிழலில் ஒரு தடுமாற்றம். சுவரில் விழும் நிழல் மென்மையாக இருக்கட்டும் என்று சூரிய விளக்கின் கோணத்தை 5 பாகை ஆக்கியிருந்தேன். இலை நிழல் எல்லாம் கரைந்து சுவரில் அழுக்குப் படிந்தது போல இருந்தது. நிஜச் சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகைதான். 0.53க்குத் திரும்பினேன். அந்தக் கணக்கில் ஒன்பது மீட்டர் தொலைவிலுள்ள இலையின் நிழல் ஓரம் எட்டு செ.மீ. கலங்கும், சுவரை ஒட்டிய இலையின் நிழல் கூர்மையாக விழும். சுவரில் இரண்டும் கலந்து வந்தன, இலைகளின் சந்து வழியே விழுந்த வெயில் வட்ட வட்டமாக வந்தது. மர நிழலில் நின்றவர்களுக்கு அந்த வட்டங்கள் தெரியும்.

46 மணியில் தேடல் போக மீதி இப்படிப் பிரிந்தது: ஸ்கேனும் கொத்தும் 6, தண்டும் கிளையும் 8, நிறமும் வெயிலும் 7, சோதனை ரெண்டர்கள் 6. கொத்து செய்ய ஆன அந்த ஆறு மணியை முதல் நாளே செலவழித்திருந்தால் மீதி எல்லாம் ஒரு வாரத்துக்குள் முடிந்திருக்கும். அடுத்த தடவை ஒரே கொத்துக்குப் பதில் குறைந்தது நான்கு செய்வேன்: வயதானது, இளசு, செம்பழுப்புக் கொழுந்துள்ளது, இலை உதிர்ந்த வெறும் மிலாறு. இப்போது உள்ளது ஒன்றே என்பதால், உற்றுப் பார்த்தால் தலையின் வலது ஓரத்தில் ஒரே ஈர்க்கு ஏழெட்டு இடத்தில் ஒரே வளைவில் தெரிகிறது. தரையில் பழுப்பிலை சிதறவும் நேரம் இல்லாமல் போனது. வேப்பமரத்தடி அவ்வளவு சுத்தமாக இருக்காது.

இன்று காலை படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதேதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து விரலை வைத்து, "வடக்கால போற இந்தக் கொம்பு இன்னும் தாழ இருக்கும்பா. பசங்க ஊஞ்சல் கட்டுன கொம்பு" என்றார். நான் எடுத்த போட்டோவைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி, 70 செ.மீ. தாழ இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அந்த ஒரு கம்பிக்கோட்டின் நான்கு புள்ளிகளைப் பிடித்துக் கீழே இழுத்தேன். கிளை தாழ்ந்தது, அதன் மேலிருந்த மிலாறுகளையும் சேர்த்துப் பிடித்து இறக்கினேன், கொத்துகள் எல்லாம் தாமாகவே புது இடத்தில் போய் உட்கார்ந்தன. பத்து நிமிடம் ஆனது. இப்போது மறுபடி ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் 22 நிமிடம் காட்டுகிறது.